பல்நோயும் பொருளுடைமையும்

முன்னுரை

பல் என்னும் உறுப்பைத் தமிழ் பயில்வோர் பெரும்பாலும் இரண்டு இடங்களிற் காண்பர். ஒன்று இலக்கணம், மற்றொன்று அகப்பாட்டு. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலி தோன்றுதற்குரிய நிலைக்களங்களை எட்டாக வகுத்தபோது பல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். மேற்பல்லின் அடியை நாநுனி பரந்து பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல் கீழிதழோடு இயைய வகரம் பிறக்கும். பல் போனாற் சொல் போகும் என்னும் பழமொழி இவ்விலக்கணத்தையே ஊரார் வாய்மொழியாற் கூறுவது. இனி, அகப்பாடல்களிற் பல் முத்தாகவும் முல்லையரும்பாகவும் விளங்கும். எயிறு, முறுவல், நகை என அதனைச் சுட்டும் சொற்கள் பல. நகை என்னும் ஒரு சொல்லே பல்லையும் சிரிப்பையும் அணிகலனையும் குறித்து நிற்றல் காண்க.

முத்துப்பல்லைப் பாடிய அளவிற்கு நோயுற்ற பல்லைப் புலவர் பாடினாரல்லர். எனினும் மக்கள் வாழ்க்கையில் அணிகலனாகிய பல்லினும் வலிக்கும் பல்லே மிகுதி. அப்பல்லின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். பண்டைத் தமிழர் பல்லை எங்ஙனம் பேணினர், அதற்கு ஊறு விளைக்கும் இனிப்பு எங்ஙனம் பெருகிற்று, பல் மருத்துவம் எவ்வாறு பிற மருத்துவத்தினின்றும் பிரிந்தது, அதன் செலவு யார் தலைமேல் வீழ்ந்தது என்னும் நான்கு வினாக்களை ஈண்டு முறையே ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு திறவுகோல் திருக்குறளுரையிற் கிடைக்கின்றது. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வான் என்பன அவை. இந்நான்கினையும் பரிமேலழகர் மேலும் நந்நான்காக விரித்தார். அவ்விரிவில், நோயுற்றவனுக்கு வேண்டும் தகுதிகளுள் முதலாவதாக அவர் வைத்தது பொருளுடைமை. மருந்திற்கு வேண்டும் இயல்புகளுள் ஒன்றாக வைத்தது எளிதில் எய்தப்படுதல். மூலத்தில் வள்ளுவர் பொருளைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. உரையாசிரியரோ அதனை நோயாளியின் முதல் தகுதியாகவே எண்ணினார். அவர் கண்ட உலகியல் அது போலும்.

இவ்விரண்டு தகுதிகளும் ஒன்றோடொன்று தொடர்புடையன. மருந்து எளிதில் எய்தப்படுமாயின் நோயாளிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மருந்தின் எளிமை குறையுந்தோறும் நோயாளியின் பொருளுடைமை முதன்மை பெறும். பல் மருத்துவ வரலாறு முழுவதும் இத்தராசின் ஏற்றத் தாழ்வே என்பது எம் கருத்து.

காலைக்கடனாகிய பல்பேணல்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றியது. அதில் வைகறை ஒழுக்கம் கூறுமிடத்துப் பல்குச்சியால் வாயைத் தூய்மை செய்து, கண்ணைக் கழுவித் தெய்வந் தொழுக என்னும் விதி வருகின்றது. குச்சியைப் பயன்படுத்துதலைத் தின்னுதல் என்னும் வினையாற் குறித்தல் அந்நூலின் நுட்பம். பல்லால் நன்கு மென்று நாராக்கிய பின்னரே குச்சி துலக்கும் கருவியாகும். மெல்லுதலும் துலக்குதலும் அங்கே ஒரே செயல்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி தருவன என்னும் முதுமொழியும் இம்மரபினதே. வேல் என்பது ஈண்டு வேலமரம். ஆலும் வேலும் துவர்ப்புடையன. வேம்பும் நாயுருவியும் இவற்றோடு சேர்த்து வழங்கப்பட்டன. இவையனைத்தும் வேலியிலும் வழியோரத்திலும் விலையின்றிக் கிடைப்பவை. பரிமேலழகர் வாய்பாட்டிற் கூறின், மருந்து முற்றிலும் எளிதில் எய்தப்பட்டது. பொருளுடைமைக்கு அங்கே வேலையில்லை. பல்பேணல் மருத்துவன் செய்வதாக அன்றி ஒவ்வொருவரும் நாடோறும் ஆற்றும் ஒழுக்கமாக அமைந்தது. உறக்கத்திற்கும் வழிபாட்டிற்கும் இடையே அதற்கோர் இடம் வகுக்கப்பட்டமையால், பல் உடம்பின் வேறாக எண்ணப்படவில்லை என்பதும் போதரும்.

பழமையைப் போற்றும் ஆர்வத்தால் அதன் குறையை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. நாலடியாரில் இளமை நிலையாமை கூறும் பகுதி, முதுமையுற்றார் சொல் தளர்ந்து, கோலூன்றிப் பல் கழன்று நிற்கும் நிலையைக் காட்டுகின்றது. பல் கழலுதல் முதுமையின் இயற்கையென மக்கள் ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு அதுவே சான்று. சொத்தை விழுந்த பல்லைக் காக்கும் வழி அன்று இல்லை. வலிக்குக் கிராம்பு வைத்தனர். வலி பொறுக்கலாற்றாதபோது பல்லைப் பிடுங்கினர். கிராம்பின் நெய்யிலுள்ள யூஜினால் என்னும் பொருளையே இற்றைப் பல் மருத்துவரும் தற்காலிகமாகக் குழியடைக்கும் கலவையிற் சேர்க்கின்றனர். பாட்டி வைத்த கிராம்பு வலியை ஆற்றியது உண்மை. ஆயினும் அது நோயைத் தீர்க்கவில்லை.

நிறுவனமாக அமைந்த மருத்துவத்திற்கும் தமிழகத்திற் சான்றுண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடற் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டினது. அது ஆங்கிருந்த கல்விச்சாலையையும், மாணாக்கர் விடுதியையும், 15 படுக்கைகளையுடைய ஆதுலர்சாலையையும் விரித்துரைக்கின்றது. மருத்துவன், அறுவை செய்வான், மருந்து கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதன் ஆகியோர்க்குரிய ஊதியமும், ஓராண்டிற்கு வேண்டும் மருந்துகளின் பெயர்களும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. பல்நோய்க்கெனத் தனி மருத்துவன் அங்கே இல்லை. அச்சாலை ஊரார் அனைவர்க்கும் உரியதாயிற்று என்று கூறுதற்கும் இடமில்லை. கோயிற் பணியாளரும் கல்வி பயில்வோருமே அதன் பயன் கொண்டனர். ஆயினும் ஒரு செய்தி நம் பொருளுக்கு இன்றியமையாதது. மருத்துவனுக்கு ஊதியம் அறநிலையத்தின் வருவாயிலிருந்து சென்றதேயன்றி நோயாளியின் மடியிலிருந்து சென்றதன்று.

இனிப்பின் பெருக்கம்

இனிப்பு தமிழர்க்குப் புதியதன்று. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தியைப் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஒளவையார் குறிக்கின்றார். கரும்பாலையின் வெம்மையால் அயலே வயலிலுள்ள நெய்தற்பூ வாடுதலைப் பட்டினப்பாலை கூறும். சாறு காய்ச்சும் ஆலைகளின் புகையைப் பெரும்பாணாற்றுப்படை காட்டும். எனினும் அவ்வெல்லம் பொங்கற்கும் விழாவிற்கும் விருந்திற்கும் உரியதாயிருந்தது. நாடோறும் பன்முறை நாவிற்படும் பொருளாக அஃது அமையவில்லை.

வெள்ளைச் சர்க்கரை பரவியது பிற்காலத்தில். சொல்லாராய்ச்சி இதற்குத் துணைபுரிகின்றது. சீனி என்னும் பெயர் சீனநாட்டை நினைவூட்டுவது. சென்னை வட்டாரத்தில் வழங்கிய அஸ்கா என்னும் பெயரோ கஞ்சம் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர். அவ்வூரின் சர்க்கரை ஆலை பெயர் பெற்றிருந்தது. 1936 வரை அம்மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்தது. தமிழகத்திலேயே நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆலை எழுந்தது. ஊர்ப்பெயரே பண்டத்தின் பெயராகும் அளவிற்கு ஆலைச் சர்க்கரை வீடுதோறும் புகுந்தது என்பது இதனாற் புலனாம். உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புகையிலைவிடு தூது என்னும் சிற்றிலக்கியத்தை இயற்றியவர் பெயர் சீனிச்சர்க்கரைப் புலவர். பல்லிற்கும் ஈறுக்கும் பகையாகிய புகையிலையைத் தூதுவிடுத்த புலவரின் பெயரிலே சர்க்கரை இரட்டித்து நிற்றல் தற்செயலே; ஆயினும் நம் பொருளாராய்ச்சிக்கு அஃது இயைபுடையதொரு நிகழ்ச்சி.

20ஆம் நூற்றாண்டிற் காப்பியும் தேநீரும் எல்லாக் குடிகளிலும் பரவின. அவற்றோடு சர்க்கரை காலையும் மாலையும் இடைப்பொழுதும் நாவிற்பட்டது. இங்கே நோயின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்கச் செய்து அமிலமாக்கும். அவ்வமிலம் பல்லின் மேலுறையைக் கரைக்கும். இக்கருத்தை மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர், பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்து, 1890இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். பல்லைப் புழு அரிக்கின்றது என்னும் பழங்கருத்து அதனோடு வீழ்ந்தது. நம் ஊர்களிற் பூச்சிப்பல் என்னும் பெயர் மட்டும் இன்னும் வழங்குகின்றது.

எவ்வளவு சர்க்கரை உண்கிறோம் என்பதனோடு எத்துணை முறை உண்கிறோம் என்பதும் கருதத்தக்கது. இதனைக் காட்டியது சுவீடன் நாட்டு விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945 முதல் நடைபெற்று 1954இல் வெளியான ஆராய்ச்சி. உணவோடு உண்ணும் சர்க்கரையினும், இடைப்பொழுதுகளில் மெல்லும் ஒட்டும் மிட்டாய் பன்மடங்கு கேடு செய்தமை அதனாற் புலனாயிற்று. அறிவுவளர்ச்சி குன்றிய நோயாளர்க்கு அவர்தம் இசைவின்றியே மிட்டாய் கொடுத்து இவ்வுண்மையைக் கண்டனர் என்பது அறிவியல் வரலாற்றில் ஒரு மாசு. அதனை மறவாமல் அம்முடிவை மட்டும் கொள்வோம். முன்னுண்டது அற்ற பின்னரே மீண்டும் உண்க என்று வள்ளுவர் மருந்ததிகாரத்தில் வற்புறுத்தினார். வள்ளுவர் நுண்ணுயிரை அறிந்திருந்தார் என்று கூறுதல் நகைப்பிற்கிடமாகும். உணவிற்கும் உணவிற்கும் இடைவெளி வேண்டும் என்னும் ஒழுக்கம் வயிற்றிற்கேயன்றிப் பல்லிற்கும் காவலாயிற்று என்று கூறுதல் தகும்.

உடற்பருமனும் இங்கேயே வந்து சேர்கின்றது. உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் வெளியிட்ட நெறிமுறை, நாளுணவின் ஆற்றலில் சேர்ப்புச் சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டிற்குக் குறைதல் வேண்டும் என்றது. அதற்கு அந்நிறுவனம் ஆராய்ந்த பயன்கள் இரண்டே: ஒன்று உடல் எடை; மற்றொன்று பற்சொத்தை. ஆசிரியர் வேறு, மருத்துவர் வேறு, மருத்துவமனை வேறு எனப் பிரிந்து நிற்கும் இரு நோய்களுக்கும் வேர் ஒன்றே என்பது அதனால் விளங்கும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்டிருள் மிகையெடை உடையோர் 2015–16இல் 30.9 விழுக்காட்டினர், 2019–21இல் 40.4 விழுக்காட்டினர். ஆடவருள் அது 28.2 விழுக்காட்டிலிருந்து 37.0 ஆக உயர்ந்தது. சில ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்திற்கு மக்களின் சோம்பலை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. உணவும் தொழிலும் சந்தையும் ஒருங்கே மாறின.

பிரிந்து சென்ற மருத்துவம்

ஐரோப்பாவில் பல் பிடுங்குதல் நாவிதர் தொழிலாய் நெடுங்காலம் இருந்தது. தமிழகத்தும் நாவிதர் குடியினர் மருத்துவர் என்றும், அக்குடிப் பெண்டிர் மருத்துவச்சியர் என்றும் வழங்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. கையால் தொட்டுச் செய்யும் மருத்துவம் தாழ்ந்ததாகவும், ஏட்டால் அறியும் மருத்துவம் உயர்ந்ததாகவும் கருதப்பட்ட நிலை இருநாட்டிற்கும் பொது.

1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உலகின் முதற் பல் மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. பல் மருத்துவம் நாவிதர் கடையினின்றும் கல்விக்கூடம் புகுந்தது அந்நாளிற்றான். ஆயின் அது மருத்துவக் கல்லூரியின் ஒரு துறையாகப் புகவில்லை. தனி மனையாகவே புகுந்தது. இதனால் அக்கலை பெற்ற வளர்ச்சி பெரிது. இழந்ததும் ஒன்றுண்டு. கண்ணும் காதும் உடம்பின் உறுப்புகளாகவே நிற்கப் பல் மட்டும் வேறோர் ஆட்சிக்குட்பட்டது.

இந்தியாவில் முதற் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் நிறுவியவர் மருத்துவர் ரபியுத்தீன் அகமது (1890–1965). அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அவர்க்கு அரசின் பொருளுதவி கிட்டவில்லை. நியூயார்க் சோடா பவுண்டன் என்னும் குளிர்பானக் கடையொன்றை நடத்தி, அதன் வருவாயால் கல்லூரியைத் தாங்கினார். இன்னீர் விற்ற பொருள் பல் மருத்துவக் கல்விக்குப் பயன்பட்டமை வரலாற்றின் ஒரு முரண். பொதுப்பொருள் வாராவிடத்துத் தனிமனிதர் ஒருவரின் தியாகமே நிறுவனத்திற்கு அடித்தளமாயிற்று என்பதும் இதனால் அறியப்படும்.

1948இல் இந்தியப் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டம் பதிவேட்டை இரு பகுதியாக்கியது. பட்டம் பெற்றோர் முதற்பகுதியிலும், பட்டமின்றியே பல்லாண்டு தொழில் செய்து பயின்றோர் இரண்டாம் பகுதியிலும் இடம்பெற்றனர். சீனநாட்டினின்றும் வந்து கல்கத்தா, சென்னை முதலிய நகரங்களிற் குடியேறிய குடும்பத்தார் சிலர் வழிவழியாகப் பல்கட்டும் தொழிலைச் செய்துவந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. எளியோர் அத்தகையோரையே நாடினர்; கட்டணம் குறைவாயிருந்ததே காரணம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953இல் தோன்றிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. கல்வி வேறு, சட்டம் வேறு, அவை வேறு எனப் பல்லும் உடம்பும் பிரிந்தே வந்துள்ளன.

அயல்நாட்டுச் சான்று ஒன்று

இப்பிரிவினாற் பொதுமக்கட்கு நேர்வது யாது என்பதை அறிய இங்கிலாந்தின் வரலாற்றை ஒப்புநோக்குதல் நலம். ஏனெனில், பொருளுடைமை என்னும் தகுதியை நோயாளியிடத்திருந்து நீக்க முயன்ற நாடுகளுள் அது தலையாயது. 1948 ஜூலை 5ஆம் நாள் அந்நாட்டில் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கிற்று. பல் மருத்துவமும் கட்டணமின்றி வழங்கப்பட்டது. பல்லாண்டு வலியைப் பொறுத்திருந்த மக்கள் பெருந்திரளாக வந்தனர். பொய்ப்பல் வரிசைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் மதிப்பிட்டதை விஞ்சிச் செலவாயிற்று. 1951ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இவ்விரண்டிற்கும் கட்டணம் விதிக்கப்பட்டது. அப்பணியைத் தோற்றுவித்த அமைச்சர் அனூரின் பெவன் அதனை எதிர்த்து அவ்வாண்டு ஏப்பிரலிற் பதவி துறந்தார். 1952இல் பல் மருத்துவத்திற்கும் ஒரு பவுன் கட்டணம் வந்தது.

இதில் நாம் உன்னுதற்குரியது யாது? பணம் முட்டுப்பட்டபோது அரசு முதலிற் கைவைத்த இடங்களுள் ஒன்று பல் என்பதே. இதயத்திற்கோ நுரையீரலுக்கோ அவ்வாறு கட்டணம் விதிக்க எவரும் முன்வரவில்லை. பல் உடம்பின் வேறானது என்னும் எண்ணம் கருவூலக் கணக்கிலும் புகுந்துவிட்டது. 1968இல் எடுத்த கணக்கில் இங்கிலாந்திலும் வேல்சிலும் வளர்ந்தோருள் 37 விழுக்காட்டினர் ஒரு பல்லும் இல்லாதவராயிருந்தனர். பல்லைக் காத்தலினும் எல்லாவற்றையும் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டுதல் மலிவென்று கருதிய தலைமுறையின் எச்சம் அது. அமெரிக்காவில் முதியோர்க்கென 1965இல் இயற்றப்பட்ட மெடிக்கேர் சட்டமும் வழக்கமான பல் மருத்துவத்தைத் தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்தியது. செல்வநாடுகளின் நிலையே இதுவாயின் ஏனைய நாடுகளின் நிலையைக் கூறவேண்டுவதில்லை.

நம் நாட்டு நிலை

இந்தியப் பல் மருத்துவக் குழு 2002–03இல் எடுத்த நாடளாவிய கணக்கில், 12 வயதுச் சிறாருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கும், 35 முதல் 44 வயதினருள் ஏறத்தாழ ஐவரில் நால்வர்க்கும் பற்சொத்தை காணப்பட்டது. மருத்துவர் இல்லாமையே இதற்குக் காரணம் என்றல் இன்று பொருந்தாது. நாட்டிற் பல் மருத்துவக் கல்லூரிகள் 300க்கு மேல் உள்ளன. அவற்றுட் பெரும்பாலன தனியார் நடத்துவன. பயின்று வெளிவருவோர் நகரங்களிலேயே தங்குகின்றனர். சிற்றூரார்க்கு அருகிற் கிடைப்பது பெரும்பாலும் பல் பிடுங்கும் மருத்துவமே.

மருத்துவக் காப்பீடும் இக்குறையை நீக்கவில்லை. 2018இல் தொடங்கிய நடுவணரசின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையிற் படுத்து நோய் தீர்ப்பார்க்கு அமைந்தது. பல் வலிப்பவன் படுக்கையிற் கிடப்பதில்லை. நாற்காலியில் அமர்ந்து வாய் திறந்திருந்து, அரைமணிப் போதில் எழுந்து செல்கின்றான். ஆதலின் அவன் நோய் காப்பீட்டின் கண்ணிற் படுவதில்லை. சொத்தையை அடைத்தல், பல்வேர்ச் சிகிச்சை செய்தல், மேலுறை அணிதல் என்பனவற்றிற்கு அவன் தன் கைப்பொருளையே நம்பவேண்டும்.

இவ்விடத்து எம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் குற்றமாகாது. முனைவர்ப் பட்டத்திற்கு ஆராய்ந்த காலத்தே எமக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையுற்றது. நகரத்து மருத்துவர் ஒருவர் வேர்ச் சிகிச்சை செய்து காக்கலாம் என்றார்; அதற்கு அவர் கூறிய தொகை எம் ஒரு திங்கள் உதவித்தொகையினும் மிகுதி. பிடுங்குதற்கோ அதிற் சிறுபகுதியே போதும். பல் போயிற்று. அதன் அயற்பல் சாய்ந்தது; எதிர்ப்பல் கீழிறங்கிற்று. பத்தாண்டில் நான்கு கடைவாய்ப் பற்களை இழந்தோம். கேழ்வரகுக் களியும் காய்கறியும் நிலக்கடலையும் உண்ட வாய், மெல்லவேண்டாத குழைந்த சோற்றையும் இட்டலியையும் ரொட்டியையும் நாடிற்று. உடல் பருத்தது. பின்னர் நீரிழிவு என்று ஒரு மருத்துவரும், ஈறு தளர்ந்துவிட்டது என்று மற்றொரு மருத்துவரும் கூறினர். ஒருவர் கூறியதை மற்றவர் கேட்டிலர். இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் படித்தவர் நோயாளியாகிய யாமே.

இஃது எம் ஒருவர் கதையாயின் ஆராய்ச்சி இதழில் இடம்பெறத் தகாது. நீரிழிவு ஈறுநோயை வளர்க்கும் என்பதும், ஈறுநோய் நீரிழிவைக் கட்டுப்படுத்தற்கு அரிதாக்கும் என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மைகள். பருமன் நீரிழிவிற்கு வாயில் என்பதும் அவ்வாறே. பல்லிழந்தோர் நார்ப்பொருளுள்ள உணவைக் குறைத்து மாப்பொருளை மிகுதியாக உண்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே பல், உணவு, எடை, நீரிழிவு, ஈறு, மீண்டும் பல் எனச் சுழலும் வட்டம் ஒன்று உளது. அவ்வட்டத்தை முதலில் அறுக்கத்தக்க இடம், சொத்தை சிறிதாயிருக்கும்போதே அடைத்தல். செலவும் அங்கேதான் குறைவு. கைப்பொருள் இல்லாதவன் அந்நிலையில் மருத்துவரை நாடுவதில்லை என்பதே இவ்வரலாற்றின் துன்பம். வலியில்லாப் பல்லிற்குப் பணம் செலவிட எளியோர்க்கு இயலாது. வலி வந்த பின்னரோ பிடுங்குதலன்றி வேறு வழியில்லை.

பொதுப்பொருள் பல்லைக் காத்தற்கும் சான்றில்லாமல் இல்லை. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அதனாற் சிறார் பற்கள் மஞ்சளும் பழுப்புமாகக் கறைபடுதலும், எலும்பு கேடுறுதலும் நெடுங்காலம் நிகழ்ந்தன. அந்நோய்க்கு மருந்து தேடாமல் குடிநீரை மாற்ற முயன்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டிற்கு வந்தது. காவிரி நீர் வீட்டுவாயிலுக்கு வந்தபோது ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே பல் மருத்துவரைத் தேடவேண்டிய தேவை குறைந்தது. பரிமேலழகர் கூறிய எளிதில் எய்தப்படுதல் என்பதற்கு இக்காலத்து இலக்கியமாகக் காட்டத்தக்கது இது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். பண்டைத் தமிழரிடத்துப் பல்பேணல் விலையில்லா ஒழுக்கமாயிருந்தது; ஆயின் வந்த நோயைத் தீர்க்கும் ஆற்றல் அதற்கில்லை. இக்காலத்து மருத்துவத்திற்கு ஆற்றல் உண்டு. ஆயின் அது விலையுடையது. இடையே, விழாவிற்குரியதாயிருந்த இனிப்பு நாட்பொருளாயிற்று. அதனாற் பல்லும் உடம்பும் ஒருங்கே கெட்டன. அவற்றைத் தீர்க்க வந்த மருத்துவமோ பல்லையும் உடம்பையும் பிரித்து வைத்தது. பிரிவு முதலிற் கல்வியிலும், பின்னர்ச் சட்டத்திலும், அதன்பின் பொதுப்பணத்திலும் நிகழ்ந்தது. மூன்றாவது பிரிவே எளியோரைப் பெரிதும் வருத்துவது.

வேப்பங்குச்சிக்கு மீள்க என்று கூறுதல் எம் கருத்தன்று. ஊர்தோறும் உள்ள தொடக்க நலவாழ்வு நிலையத்தில் நீரிழிவிற்குக் குருதி ஆராயும் அதே நாளில் வாயையும் நோக்குதல் வேண்டும். சொத்தை அடைத்தலும் ஈறு தூய்மை செய்தலும் தடுப்பூசியைப் போல அடிப்படை மருத்துவமாகக் கொள்ளப்படல் வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் புளோரைடு கலந்த பற்பசையை இன்றியமையா மருந்துகளின் வரிசையிற் சேர்த்தமை இத்திசையில் ஒரு நற்குறி.

தமிழ்த் துறையினராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. சித்த மருத்துவ ஏடுகளிற் பல்நோய் பற்றிய பகுதிகளைத் தொகுத்துச் செம்மையாகப் பதிப்பித்தலும், வட்டாரந்தோறும் வழங்கும் பல்நோய்ப் பெயர்களைத் திரட்டுதலும், கோயிற் கல்வெட்டுகளில் மருத்துவ அறங்களை ஆராய்தலும் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகள். நோயாளி தன் வலியைக் கூறும் சொல் மருத்துவர்க்கு விளங்காதவிடத்து மருத்துவம் பாதியிலேயே நிற்கும். நோய்நிலை உணர்த்தும் வன்மையையும் நோயாளியின் தகுதிகளுள் ஒன்றாகப் பரிமேலழகர் எண்ணினாரல்லரோ?

அவ்வுரையாசிரியர் நோயாளியின் முதல் தகுதியாகப் பொருளுடைமையை வைத்தார் என்று முன்னர்க் கூறினோம். அஃது அவர் கண்ட உலகின் நிலையேயன்றி வள்ளுவர் வகுத்த விதியன்று. மூலத்தில் உள்ளவன் உற்றவன் மட்டுமே. அவன் செல்வனா வறியனா என்று குறள் வினவவில்லை. திருமுக்கூடற் கல்வெட்டும் தன் எல்லைக்குட்பட்டோரை அங்ஙனம் வினவாமலே மருந்தளித்தது. வினவாத மருத்துவத்தை, அவ்வெல்லையை விரித்து, எல்லார்க்கும் உரியதாக்குதல் இத்தலைமுறையின் கடன். அதுகாறும் பல்லிழந்த வாயினின்றும் தகரமும் வகரமும் திருந்த வாரா. பிறப்பியல் கற்பிக்கும் ஆசிரியராகிய யாமே அதற்குச் சான்று.